ராத்திரி 10 மணிக்கு மைக் ‘கட்’! விடிய விடிய நடக்கும் கூத்து என்ன ஆகும்?

செஞ்சி சுற்றுவட்டாரத்தில் ஊர் கூடும் இடத்துக்கு வந்த சோதனை

செஞ்சி:-

செஞ்சி பக்கத்து கிராமங்களில் ராத்திரி 10 மணி என்றால் கூத்து ஆரம்பிக்கிற நேரம்.

சட்டத்தில் ராத்திரி 10 மணி என்றால் மைக்கை அணைக்கிற நேரம்.

இரண்டும் ஒரே 10 மணி. அதுதான் சிக்கல்!

சித்திரை பிறந்தது முதல் ஆடி முடிகிற வரை இந்தப் பக்கம் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் நடக்கும். மத்தியானம் பிரசங்கம். ராத்திரி தெருக்கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம், சாயந்திரம் தீமிதி. பிரசங்கம் 18 நாள் என்றால் கூத்து பெரும்பாலும் கடைசி 10 ராத்திரி. வசதி இல்லாத ஊரில் நாள் குறையும். ஆனால் கூத்தே இல்லாமல் பாரதம் முடிப்பது அபூர்வம்.

சென்னை, பெங்களூர் பக்கம் ‘ஓப்பன் மைக்’ என்று ஒரு பழக்கம் வந்திருக்கிறது. காபி கடையில் ஒரு மைக் வைப்பார்கள். பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பாடலாம், கவிதை படிக்கலாம், ஜோக் அடிக்கலாம். பல இடத்தில் டிக்கெட்டும் உண்டு.

செஞ்சி பக்கத்து ஜனங்களுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. கோவில் வாசலில் மைக் கட்டினால் ஊரே அதில் பேசும். டிக்கெட் கிடையாது!

மைக் செட் வந்தாச்சு

கொடி ஏறும் நாளில் முதலில் வந்து இறங்குவது மைக் செட்டுதான். மரத்தில் ஒன்று, கம்பத்தில் ஒன்று, கோவில் மதிலில் ஒன்று என்று குழாய் கட்டுவார்கள். ஒரு காலத்தில் எல்லாம் கூம்புக் குழாய். இப்போது பல இடங்களில் போலீசார் கூம்புக்கு அனுமதி தருவதில்லை, பறிமுதல் செய்கிறார்கள். அதனால் பாக்ஸ் ஸ்பீக்கர் வந்துவிட்டது.

மைக் பேச ஆரம்பித்தால் அதில் வராத சமாச்சாரம் இல்லை.

குழந்தை காணாமல் போனால் மைக். சாவிக்கொத்து கிடைத்தால் மைக். தேர் வருகிற வழியில் டிராக்டரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனவருக்கும் மைக்தான். தலைக்கட்டு வரி பாக்கி வைத்திருப்பவர்களை, பெயர் சொல்லாமல், தெருப் பெயரை மட்டும் சொல்லி நினைவூட்டுவதும் உண்டு. தெருவில் இருப்பவர்களுக்கு ஆள் யார் என்று தெரியாதா என்ன!

கூத்து நடக்கும்போது அன்பளிப்பு தருவது இந்தப் பக்கத்து வழக்கம். பிடித்த வேஷக்காரருக்கு 50 ரூபாயோ 101 ரூபாயோ கொடுப்பார்கள். உடனே பாட்டு நிற்கும். கொடுத்தவர் பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் மைக்கில் வரும். அவர் குடும்பம் நீடூழி வாழ வேண்டும் என்று ஒரு வார்த்தை வாழ்த்தும் வரும். கர்ணன் சாகக் கிடக்கும் கட்டமாக இருந்தாலும் சரி, கர்ணன் கொஞ்சம் பொறுக்க வேண்டியதுதான்.

வெளியூரிலிருந்து வந்து பார்ப்பவர்கள் இதைத் தொந்தரவு என்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இதுவும் கூத்துதான். பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிற பையன் வருஷத்தில் ஒருநாள் ஊருக்கு வருகிறான். அவன் பெயர் ஊர் நடுவே ஒலிபெருக்கியில் வருகிறது. அவன் அம்மா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். 101 ரூபாய்க்கு வேறு எங்கே இது கிடைக்கும்?

ராஜாவையே கேள்வி கேட்பவன்

கூத்தில் கட்டியக்காரன் என்று ஒருவன் உண்டு. கோமாளி மாதிரி வருவான். ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுவது அவன் வேலை. ஆனால் அதோடு நிற்க மாட்டான்.

நாட்டிலே மாதம் மும்மாரி பொழிகிறதா என்று ராஜா கேட்டால், மழை கிடக்கட்டும், தெருக்குழாயில் தண்ணீர் வந்து எத்தனை நாளாச்சு என்று இவன் திருப்பிக் கேட்பான். ரேஷன் கடை, வராத டவுன் பஸ், போட்ட மாதத்திலேயே பெயர்ந்துபோன ரோடு, எல்லாம் அஸ்தினாபுரத்து விவகாரமாக மைக்கில் வந்துவிடும். முன்வரிசையில் பஞ்சாயத்துக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் சிரித்தாக வேண்டும். கோபித்துக்கொண்டு எழுந்தால் அதற்கும் ஒரு ஜோக் தயாராக இருக்கும்.

மனு எழுதத் தெரியாதவர்களும் இப்படித்தான் ஊர்க்குறையைச் சபையில் கேட்டார்கள். மனு கொடுத்தால் ரசீது கிடைக்கும். இங்கே சிரிப்பு கிடைக்கும். எது சீக்கிரம் வேலை செய்யும் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

மைக்கை மக்கள் கையில் கொடுக்கச் சட்டமும் வழி செய்திருக்கிறது. கிராம சபைக் கூட்டம் அதற்குத்தான். 1994-ம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வந்த பிறகு குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று வருஷத்துக்கு 4 நாள் நடந்தது. 2022-ல் உலக தண்ணீர் தினமான மார்ச் 22-ந்தேதியும், உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ந்தேதியும் சேர்ந்து 6 நாள் ஆனது. அங்கே தீர்மானம் போடுவார்கள், கையெழுத்து வாங்குவார்கள். வருகிற கூட்டத்தைக் கூத்துக்கு வருகிற கூட்டத்தோடு ஒப்பிடாமல் இருப்பதே நல்லது.

மைக் இல்லாத காலம்

கூத்துக்கு மைக் நேற்று வந்த சாமான்தான். அதற்கு முன்னால் தொண்டைதான் மைக்.

தீவட்டி வெளிச்சத்தில் ஆடினார்கள். பிறகு பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தது. ஆயிரம் பேர் சுற்றி உட்கார்ந்தால் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும். அதனால் உச்சக் குரலில் பாடிப் பழகினார்கள். ஆர்மோனியக்காரர் சுருதி வைக்கிற இடத்தைப் பார்த்தாலே தெரியும். சபாவில் பாடுகிற வித்வான் அந்தச் சுருதியில் அரைமணி நேரம் தாங்க மாட்டார். இவர்கள் விடிகிற வரை பாடுவார்கள். பின்பாட்டுக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து வாங்கிப் பாடுவார்கள். மத்தளம், தாளம், முகவீணை கூட வரும்.

மைக் வந்த பிறகு ஆட்டம் கொஞ்சம் மாறியது. முன்னால் வேஷக்காரர் களம் முழுக்கச் சுற்றி வந்து பாடுவார். பிறகு மைக்குக்கு அடியில் வந்து ஒரு அடி பாடுவதும், கிறுக்கி சுற்றி ஆடிவிட்டு மறுபடி மைக்குக்கு ஓடி வருவதும் வழக்கமாயிற்று. துரியோதனனுக்கும் பீமனுக்கும் பரம்பரைப் பகை. ஆனால் ஒரே மைக்கில் இரண்டு பேரும் தோள் இடிக்க நின்று பாடுவார்கள்!

ஏன் விடிய விடிய?

சாயந்திரம் 6 மணிக்கு ஆரம்பித்து 10 மணிக்கு முடித்தால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

6 மணிக்கு வயலிலிருந்து ஆள் திரும்பியிருக்காது. மாடு கறக்க வேண்டும். சோறு ஆக்க வேண்டும். செஞ்சியிலும் திண்டிவனத்திலும் கடையில் நிற்கிறவர்கள் கடையை மூடி, கடைசி பஸ் பிடித்து வர 10 மணி ஆகும். கூத்தாடிகளிலும் பலருக்குப் பகலில் வயல் வேலை, கட்டட வேலை உண்டு. அரிதாரம் பூசவே ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். கிரீடம், புஜக்கீர்த்தி, மார்பதக்கம் என்று கட்டையில் செய்த நகைகளை ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும். இதனால்தான் அந்த வேஷத்துக்குக் கட்டை வேஷம் என்று பெயர். காஞ்சீபுரத்தில் 1990-ல் தொடங்கிய கலைஞர்கள் சங்கம் ‘கட்டைக்கூத்து’ என்ற பெயரையே எடுத்துக்கொண்டது.

கதையும் ராத்திரிக்கு ஏற்றபடிதான் பின்னப்பட்டிருக்கிறது. திரைக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் தன்னைப் பற்றிப் பாடி, திரை விலகி, ஆடி முடிக்கவே முக்கால் மணி நேரம் போகும். முன்ராத்திரி தமாஷ். நடுராத்திரிக்கு மேல் கதை இறுகும். திரௌபதி சபதம், அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் போன்ற கட்டங்களில் உச்சம் வரும்போது மணி 3, 4 ஆகியிருக்கும். தூங்கிப்போன பிள்ளைகளையும் அந்த நேரத்துக்கு உசுப்பி எழுப்புவார்கள்.

அர்ச்சுனன் தபசு அன்றைக்கு உயரமான மரம் நட்டு, அதில் படிப்படியாகக் கட்டை அடித்திருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டி ஈரப் புடவையோடு பெண்கள் கீழே காத்திருப்பார்கள். சில ஊர்களில் இதைப் பகலுக்கு மாற்றிவிட்டார்கள். வேறு ஊர்களில் ராத்திரிதான்.

இதையெல்லாம் 10 மணிக்கு முன்னால் முடிக்கச் சொன்னால், பாதிக் கதையில் துச்சாதனன் புடவையைப் பிடித்தபடியே நிற்க வேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மத்திய அரசு 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளைக் கொண்டு வந்தது. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியே கூடாது. குடியிருப்புப் பகுதியில் சத்தத்தின் அளவு பகலில் 55 டெசிபல், ராத்திரி 45 டெசிபல். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம்.

நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினாலே 60 டெசிபலைத் தொடும். 45-ல் கூத்து நடத்துவது எப்படி?

சரி, மைக்கை அணைத்துவிட்டு, அந்தக் காலம் போலத் தொண்டையை நம்பி ஆடலாம் என்றாலும் வழி இல்லை. 2010-ல் விதியைத் திருத்தினார்கள். இசைக் கருவியும் அதில் சேர்ந்துவிட்டது. எழுத்தின்படி பார்த்தால் 10 மணிக்கு மேல் தெருவில் மத்தளமும் கூடாது!

ஒரு சலுகை உண்டு. கலாசார விழா, மத விழாவுக்காக மாநில அரசு 10 மணிக்குப் பதில் 12 மணி வரை விட்டுக் கொடுக்கலாம். எந்தெந்த நாள் என்று முன்கூட்டியே குறிக்க வேண்டும். வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. பாரதமோ 18 நாள். கூத்து முடிவதோ காலை 6 மணி. இந்தச் சலுகை கூத்துக்கு எந்த மூலைக்குப் போதும்?

டெல்லிச் சிறுமி

ஆனால் இந்தச் சட்டம் சும்மா வந்தது இல்லை. அதன் பின்னால் ஒரு கொடுமை இருக்கிறது.

டெல்லியில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி கற்பழிக்கப்பட்டாள். காப்பாற்றச் சொல்லிக் கதறினாள். அக்கம்பக்கத்தில் அலறிக்கொண்டிருந்த ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. அந்தச் சிறுமி பிறகு தீக்குளித்து இறந்துபோனாள்.

பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியைக் காட்டித்தான் 1998-ல் ஒருவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2005 ஜூலை 18-ந்தேதி தீர்ப்பு வந்தது. 10 மணித் தடை நாடு முழுவதற்கும் உறுதியானது. 12 மணி வரையிலான 15 நாள் சலுகை செல்லும் என்று அதே ஆண்டு அக்டோபர் 28-ந்தேதி கோர்ட்டு சொன்னது.

ஆகவே, கூத்து ரசிகர்கள் சட்டத்தை மட்டும் திட்டிப் பயன் இல்லை. மறுநாள் பிளஸ்-2 பரீட்சை எழுதுகிற பிள்ளை இருக்கிறது. பக்கத்து வீட்டில் மாரடைப்புக்காரர் இருப்பார். பச்சைக் குழந்தை இருக்கும். ஒலிபெருக்கியின் வாய் நேராகத் தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி 10 ராத்திரி அலறினால் யாருக்குத்தான் தாங்கும்?

உண்மையில் தலைவலி கூத்துச் சத்தத்தில் இல்லை. விடியற்காலை 5 மணிக்கே ஆரம்பித்து, வீட்டுச் சுவர் அதிர சினிமாப் பாட்டு போடுகிறார்களே, அந்த ஆளுயர பாக்ஸ்தான் பெரிய குற்றவாளி. ஆபாச நடனம் என்று புகார் வந்து, கோர்ட்டு வரை போய் நிபந்தனையோடு அனுமதி வாங்கி நடக்கிற ஆடல்-பாடல் நிகழ்ச்சி இன்னொரு பக்கம். இவை எல்லாவற்றோடும் ஆர்மோனியப் பெட்டியையும் ஒரே கயிற்றில் கட்டினால் கூத்துதான் முதலில் சாகும். அதற்குத்தான் பண பலம் இல்லை.

ஸ்டேஷனில் நடப்பது

திருவிழாக் கமிட்டிக்காரர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு மனுவோடு போவார்கள். எத்தனை நாள், எந்த இடம், என்ன நிகழ்ச்சி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சாதித் தகராறு வராது, 10 மணிக்கு ஒலிபெருக்கி நிறுத்தப்படும் என்று உறுதியும் கொடுக்க வேண்டும்.

கொடுப்பவருக்கும் தெரியும். வாங்குபவருக்கும் தெரியும்.

யாரும் புகார் சொல்லாவிட்டால் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆட்டம் ஓடும். யாராவது ஒருவர் 100-க்குப் போன் போட்டால் போதும். போலீசார் வந்துதான் ஆக வேண்டும். வந்தால் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

புகார் சொல்பவர் சத்தம் தாங்காதவராக இருக்கலாம். போன வருஷக் கணக்கு வழக்கில் கோபித்துக்கொண்டு ஒதுங்கியவராகவும் இருக்கலாம். ஊர் ஒற்றுமையாக இருந்தால் விடிகிற வரை கூத்து. ஊருக்குள் கீறல் இருந்தால் 10 மணிக்கே ‘கட்’. சட்டத்தை அமல் செய்யும் கடிகாரம் போலீஸ் ஸ்டேஷனில் இல்லை, தெருவில்தான் இருக்கிறது!

மைக் யார் கையில்?

ஊர் கூடுகிறது என்று எழுதுவது சுலபம். எந்த ஊர் என்று கேட்டால்தான் வம்பு.

பல கிராமங்களில் ஊர்க் கூத்து வேறு, காலனிக் கூத்து வேறு. இரண்டு கோவில், இரண்டு கமிட்டி, இரண்டு மைக் செட். அதே பாரதம், அதே கர்ணன்.

இதே விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி கிராமத்து திரௌபதி அம்மன் கோவிலில் நடந்தது நாடறிந்த செய்தி. 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது கோவிலுக்குள் சென்ற ஆதிதிராவிட இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தை பல நடந்தும் பலன் இல்லை. ஜூன் 7-ந்தேதி அதிகாரிகள் கோவிலுக்கு சீல் வைத்தார்கள். ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மார்ச்சில் தினசரி பூஜைக்கு மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில்தான் ஆதிதிராவிட மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட்டார்கள்.

சபை நடுவே அவமானப்பட்டு, நியாயம் கேட்டு நின்றவள் திரௌபதி. அவள் கோவிலுக்கே இந்த நிலை.

பெண்கள் சமாச்சாரமும் அப்படித்தான். கூத்தில் திரௌபதியே ஆண்தான்! பெண் வேஷம் முழுவதும் ஆண்கள் கட்டுவது பழைய வழக்கம். காஞ்சீபுரம் பக்கத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலம் நடத்தியது. அதில் பெண் பிள்ளைகளும் பையன்களோடு சேர்ந்து ஆடக் கற்றார்கள். கிரீடம் கட்டி ராஜ வேஷமும் போட்டார்கள். ஆனால் கிராமத்துத் திருவிழாவில் பெண் கையில் மைக் என்பது இன்னும் கூட்டம் நிமிர்ந்து பார்க்கிற விஷயமாகத்தான் இருக்கிறது.

பழைய செஞ்சி

இவ்வளவு சண்டைக்கும் ஆறுதல் தருகிற ஒரு பழைய சங்கதியும் இந்த ஊரிலேயே இருக்கிறது.

செஞ்சிக்கு வடமேற்கே சில கிலோ மீட்டரில் மேலச்சேரி இருக்கிறது. பழைய செஞ்சி என்பது இதுதான். இங்கே இருக்கிற திரௌபதி அம்மன் கோவிலை ஆதி கோவில் என்று இந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்கிறார்கள். செஞ்சியை ஆண்ட ஒரு ராஜாவுக்கு அசுரனால் ஆபத்து வந்தபோது திரௌபதி மறுபடி தீயில் பிறந்து வந்து காப்பாற்றினாள் என்பது கதை.

ஆல்ப் ஹில்டபெய்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இங்கே வந்து கூத்தாடிகளோடும் பிரசங்கிகளோடும் பேசி, திரௌபதி வழிபாடு பற்றித் தடித்தடியாகப் புத்தகம் எழுதினார். முதல் புத்தகம் 1988-ல் வெளிவந்தது. அதன் தலைப்பிலேயே குருசேத்திரத்தோடு செஞ்சியின் பெயரும் இருக்கிறது. அவர் 2023-ல் காலமானார்.

அவர் விரிவாக எழுதிய சங்கதிகளில் ஒன்று, முத்தால் ராவுத்தர். திரௌபதி அம்மனுக்குக் காவல் நிற்பவர் இரண்டு பேர். ஒருவர் போத்துராஜா. இன்னொருவர் முத்தால் ராவுத்தர். பெயரிலேயே தெரிகிறதே, முஸ்லிம் வீரர்! பாண்டவர் மனைவிக்கு ராவுத்தர் காவல். செஞ்சி பக்கத்தில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. விழா என்றால் அவருக்கும் படையல் உண்டு.

ராஜா தேசிங்கு கதையும் அப்படித்தான். 1714-ல் ஆற்காடு நவாப்பை எதிர்த்துச் சண்டையிட்டு மாண்ட தேசிங்குக்கு உயிர்த் தோழன் மகபத்கான். நண்பனுக்காகக் கல்யாணக் கோலத்தில் போருக்கு வந்து உயிரை விட்டான் என்று கதைப்பாடல் சொல்கிறது. கூத்தாக ஆடும்போது தேசிங்குக்கு எவ்வளவு கைதட்டலோ அவ்வளவு மகபத்கானுக்கும் விழும்.

கல்லுக்குப் பெருமை வந்தது

2025 ஜூலை 11-ந்தேதி பாரீஸ் நகரில் கூடிய யுனெஸ்கோ உலக பாரம்பரியக் குழு, செஞ்சிக் கோட்டையைப் பட்டியலில் சேர்த்தது. மராட்டியர் கோட்டைகள் 12-ஐச் சேர்த்து அந்தப் பெருமை வந்தது. மற்ற 11 கோட்டைகளும் மராட்டிய மாநிலத்தில் உள்ளவை. தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்றுதான்.

1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருந்துகொண்டு, 1690 முதல் 1698 வரை அவுரங்கசீப் படையைத் தண்ணீர் காட்டிய கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையைச் சுற்றி மதில். பெருமை வந்தது சரியானதுதான். காந்தி பஜார் கடைக்காரர்களுக்கும் நாலு காசு வரும்.

அதே யுனெஸ்கோவிடம் இன்னொரு பட்டியல் இருக்கிறது. கட்டடம், கல் அல்லாத கலைகளுக்கானது. கேரளத்துக் கூடியாட்டம் அதில் இருக்கிறது. முடியேட்டும் இருக்கிறது. தெருக்கூத்து இல்லை.

கோட்டை ஓடிப்போகாது. அடுத்த வருஷம் பழுது பார்த்தாலும் அங்கேயேதான் இருக்கும். கூத்து அப்படி இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. சரியாகச் சீசன் ஆரம்பிக்கிற நேரம். கொடி ஏறவில்லை, கூத்து இல்லை. 2021-லும் சித்திரை, வைகாசியில் அதே கதை. இரண்டு வருஷம் வருமானம் இல்லாமல் கூத்தாடிகள் கூலி வேலைக்குப் போனார்கள். வருஷத்து வருமானத்தில் பெரும்பகுதி இந்த நாலைந்து மாதத்தில்தான். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. ஆனால் வாரிய அட்டை வைத்திருப்பவருக்கு ஆட இடமும் நேரமும் வேண்டுமே!

என்ன செய்யலாம்?

வழி இல்லாமல் இல்லை.

கூத்து ஆயிரம் பேர் உட்காருகிற களத்துக்குள் கேட்டால் போதும். மூன்று தெரு தள்ளிக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. மரத்துக் குழாயை 10 மணிக்கு அணைத்துவிட்டு, களத்தைப் பார்த்து வைத்த இரண்டு சின்னப் பெட்டியோடு ஆடலாம். பரீட்சை மாதத்தில் நாள் வைக்காமல் பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி பக்கம் களம் போடாமல் இருக்கலாம். இதெல்லாம் ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது.

அரசாங்கத்தின் கையில் இருப்பது அந்த 15 நாள். எந்த நாட்களை அறிவிப்பது என்று முடிவு செய்யும்போது பாரதத்தின் கடைசி ராத்திரிகளும் நினைவுக்கு வர வேண்டும். அதிலும் 12 மணி வரைதான். விடிகிற வரை வேண்டும் என்றால் மத்திய அரசு விதியையே திருத்த வேண்டும். சினிமாப் பாட்டு போடும் பாக்ஸுக்கும் மத்தளத்துக்கும் வித்தியாசம் உண்டு என்று விதியில் ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரியை எழுத வைக்கப் பெரிய குரல் வேண்டும். கூத்தாடிகளுக்குத் தொண்டை இருக்கிறது, டெல்லிக்குக் கேட்கிற மைக் இல்லை.

படுகளத்தன்று மட்டும் இந்தத் தொல்லை கிடையாது. அது பொழுது விடிந்த பிறகு நடப்பது. களிமண்ணால் துரியோதனனை மல்லாந்து படுத்த கோலத்தில் பிரமாண்டமாகச் செய்து வைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரரும் துரியோதனன் வேஷக்காரரும் அந்த மண் உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். கடைசியில் தொடையில் அடி விழும். திரௌபதி கூந்தல் முடிவாள். ஊர் முழுக்க, ராத்திரி தூங்காத கண்ணோடு சுற்றி நிற்கும். சாயந்திரம் தீமிதி.

பார்க்க நினைக்கிறவர்கள் திண்டிவனம்-திருவண்ணாமலை ரோட்டில் செஞ்சியில் இறங்கி, டீக்கடையில் விசாரித்தால் எந்த ஊரில் எத்தனையாவது நாள் பாரதம் என்று சொல்லிவிடுவார்கள். சித்திரை முதல் ஆடி வரை ஏதாவது ஒரு ஊரில் நடக்கும். உட்காரப் பாய் ஒன்று கையோடு கொண்டு போவது நல்லது. நாற்காலி எல்லாருக்கும் கிடைக்காது.